நாலரை மணி நேரமும் கற்பிட்டி வீதியும்

குறிஞ்சிப்பிட்டியில் ஒருவர் சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்யக் குந்துகிறார், எழும்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. பேசப் போனால் சொல் குழறுகிறது. பாரிசவாதம் இது. அந்த நிமிடத்திலிருந்து அவருடைய மூளையில், இரத்தம் கிடைக்காத பகுதிக்குள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுச் சொன்ன எண் இது. அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கு மருத்துவம் வகுத்திருக்கும் எல்லை நாலரை மணி நேரம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும்.

நாலரை மணி நேரம் என்பது கேட்பதற்கு நிறைய இருப்பதுபோல் தோன்றும். கற்பிட்டித் தீபகற்பத்தில் அது எப்படிக் கரைகிறது என்பதை ஒருமுறை நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் பகுதி நம்பாமையில் போகிறது. 'காத்துப் பட்டிருக்கும்', 'கை மரத்திருக்கும், கொஞ்சம் படுத்தா சரியாகிடும்' என்று வீட்டார் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நெஞ்சு வலி மனிதனை அலற வைக்கிறது. மூளைக்கு இரத்தம் போகாதபோது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத ஒரு வருத்தத்தை அவசரமென்று எண்ண நமக்குப் பழக்கமில்லை. அதைவிடப் பொல்லாதது, மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் நோயாளிக்கே தன் இடக்கை போய்விட்டது தெரியாமல் இருக்கலாம். 'எனக்கு ஒண்டுமில்ல, விடுங்க' என்று அவரே அதட்டுவார். அந்தச் சொல்லை நம்பி வீடு அடங்கிவிடும்.

அடுத்த பகுதி வீட்டு வைத்தியத்துக்குப் போகிறது. எண்ணெய் காய்ச்சித் தடவுவார்கள். சீனி குறைந்திருக்கும் என்று சீனித் தண்ணீர் பருக்குவார்கள். ஓதிய தண்ணீர் கொடுப்பார்கள். ஓதுவதில் யாருக்கும் மறுப்பில்லை, வாகனத்தில் போகிற வழி முழுக்க ஓதலாம். ஆனால் வாய்க்குள் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகளும் விழுந்திருக்கலாம். ஊற்றிய தண்ணீர் சுவாசப்பைக்குள் இறங்கி நிமோனியாவாகி, மூளையிலிருந்து தப்பியவரை நெஞ்சில் கொல்லும். விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சுகமாகும் என்ற வட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு துளி உண்மையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பிரஷர் குளிசையை நாக்குக்குக் கீழே வைப்பதும் ஆபத்து, ஏனென்றால் அடைப்பைத் தாண்டி இரத்தத்தைத் தள்ளத்தான் உடம்பு அந்த வேளையில் அழுத்தத்தை உயர்த்தி வைத்திருக்கலாம். அஸ்பிரினும் வேண்டாம். மூளைக் குழாயில் நடந்திருப்பது அடைப்பா கசிவா என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவதாக வீதி. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில் பாலாவிச் சந்திவரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஒரே வழி. பத்தலங்குண்டிலோ உச்சமுனையிலோ வாடி போட்டுத் தொழில் செய்கிறவருக்கு அதற்கு முன்னால் படகுப் பயணமும் உண்டு. கற்பிட்டி ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து புத்தளம், அங்கிருந்து சிலாபமோ குருநாகலோ கொழும்போ என்று ஒவ்வொரு வாசலிலும் துண்டு எழுதி, அம்புலன்ஸ் தேடி, கூடப் போகத் தாதி தேடி நகரும்போது, கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை.

ஆகவே முதல் வேலை வாசல்களைக் குறைப்பது. திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கண் பார்வை சட்டென்று போனாலோ, நடை தடுமாறிச் சரிந்தாலோ 1990க்கு அழைக்க வேண்டும். இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்த சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை அது. 1990 என்ற எண்ணை இந்தப் பக்கத்தில் யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய மண் இது. அந்த எண் இங்கே பல வீடுகளின் நெஞ்சில் வேறொரு காரணத்துக்காக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. இனி உயிரைக் காப்பதற்கும் அது நினைவுக்கு வரட்டும்.

அழைக்கிறவர் சொல்ல வேண்டிய ஒரு விடயம் எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆள் கடைசியாக நல்லபடி இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் எண்ணப்படும். இரவு பத்துக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஐந்துக்கு வாய் கோணி எழுந்தால், மருத்துவர் பத்து மணியிலிருந்துதான் கணக்கெடுப்பார். கூடப் போகிறவர் அந்த நேரம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். நோயாளி சாப்பிடும் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

சில நிமிடங்களில் எல்லாம் சரியாகி, கை தூக்க முடிகிறது, பேச்சும் வந்துவிட்டது என்றாலும் போகத்தான் வேண்டும். தற்காலிக அடைப்பு அது. பெரியது பின்னால் வரலாம், அதுவும் அடுத்த சில நாட்களுக்குள்ளேயே வரும் ஆபத்துத்தான் மிகுதி. ஒக்ஸ்பேர்டில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், இப்படிப்பட்டவர்களுக்கும் இலேசான பாரிசவாதக்காரர்களுக்கும் தாமதமின்றி மருந்து தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மறுபடி தாக்குவது நூற்றுக்குப் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. சுகமாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிய கதைகள் நம் பகுதியில் எத்தனை இருக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அதிகாரிகளின் பொறுப்பு இதற்குமேல் தொடங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு, விடுமுறை நாளில், பெருநாளன்று, கற்பிட்டியிலிருந்து கிளம்பும் அம்புலன்ஸ் எந்த வைத்தியசாலைக்கு நேரே போக வேண்டும்? அந்த நேரத்தில் சிடி ஸ்கேன் ஓடுவது எங்கே, அதைப் பார்த்துச் சொல்ல வைத்தியர் இருப்பது எங்கே, ஊசி மருந்து கையிருப்பில் இருப்பது எங்கே? மாகாணச் சுகாதாரத் திணைக்களம் இதை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வைத்தியசாலை வாசலிலும் பள்ளிவாசல், தேவாலயச் சுவர்களிலும் ஒட்ட வேண்டும். மாற்றம் வரும்போது தாளை மாற்ற வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஸ்கேன் இல்லாத இடத்தில் பாரிசவாத நோயாளி நிமிடக் கணக்குக்கு மேல் நிற்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும்.

ஸ்கேன் ஏன் இவ்வளவு அவசியம்? பாரிசவாதம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது இரண்டு எதிரெதிரான வருத்தங்களை. ஒன்றில் குழாய் அடைத்துப் போகிறது. மற்றதில் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. அடைப்புத்தான் அதிகம் பேருக்கு வருகிறது, ஆனால் நம் ஆசிய நாடுகளில் கசிவின் பங்கு மேற்கு நாடுகளைவிடக் கூடுதல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எத்தனை அனுபவமுள்ள வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதில் ஆளையே கொன்றுவிடும். கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கசிவுக்குப் போட்டால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊசி பயன் தருகிறது என்று 1995இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அப்போது எல்லை மூன்று மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரையாக நீட்டியது. 1995 ஆய்வில் ஊசி பெற்றவர்களில் மூன்று மாதத்தின் முடிவில் பெரிய குறையில்லாமல் மீண்டவர்கள், பெறாதவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தார்கள். அதே ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்கு ஊசியின் பின் மூளைக்குள் இரத்தம் கசிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்தியர் ஒப்புதல் கேட்கும்போது, 'மூத்த மகன் வரட்டும், மச்சானைக் கேக்கணும்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு கால் மணி நேரமும் பயனைக் குறைத்து ஆபத்தைக் கூட்டுகிறது. இந்தப் பேச்சை வீட்டில் இன்றைக்கே, எல்லாரும் சுகமாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் வந்த மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். இப்போது டெனெக்டிப்லேஸ் என்ற மருந்தை ஒரே தள்ளலில் போட்டு விடலாம். மாரடைப்புக்காக நம் வைத்தியசாலைகள் பலகாலமாக அறிந்த மருந்துதான் அது. 2025இல் அமெரிக்காவும் பாரிசவாதத்துக்கு அதை ஏற்றுக்கொண்டது. ஊசியைப் போட்டுவிட்டு உடனே அம்புலன்ஸில் ஏற்றி அனுப்ப முடியும் என்பதால், எங்களைப் போன்ற தூரத்து ஊர்களுக்கு இந்த மாற்றம் நகரத்தாருக்கு இருப்பதைவிடப் பெரியது. பெரிய குழாய் அடைத்தவர்களுக்குத் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையும் 2015க்குப் பிறகு உலகெங்கும் நிலைபெற்றிருக்கிறது. தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்தால் 24 மணி நேரம்வரைகூடச் செய்யலாம் என்று 2018 வாக்கில் தெரிந்தது. அதற்கான நிபுணர்களும் கருவியும் பெருநகரங்களில்தான் இருப்பார்கள். கற்பிட்டிக்காரர் பெரும்பாலானோருக்கு அது எட்ட இன்னும் காலம் ஆகும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இமாச்சலப் பிரதேசம் மலையும் பள்ளமுமான மாநிலம். அங்கே நரம்பியல் நிபுணர்கள் ஓரிரு நகரங்களில் மட்டும் இருந்தார்கள். 2014 முதல், ஸ்கேன் உள்ள மாவட்ட வைத்தியசாலைகளின் பொது மருத்துவர்கள் ஸ்கேன் படத்தைக் கைத்தொலைபேசியில் நிபுணருக்கு அனுப்பி, அவர் சொல்கேட்டு, அரசு இலவசமாகக் கொடுத்த ஊசியைத் தாங்களே போடத் தொடங்கினார்கள். மலையில் செய்ய முடிந்ததை மணல் திட்டில் செய்ய என்ன தடை?

ஊசிக்கு நேரம் கடந்தவர்களுக்கும், கசிவுக்காரர்களுக்கும் செய்வதற்கு நிறைய உண்டு. 2011இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில் தாதியர் மூன்று காரியங்களை மட்டும் விடாமல் செய்தார்கள். காய்ச்சலைக் கவனித்து அடக்கினார்கள், சீனியின் அளவைப் பார்த்துத் திருத்தினார்கள், வாய்வழி எதையும் கொடுப்பதற்கு முன்னால் விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்கள். மூன்று மாதத்தின் முடிவில் இறந்தவர்களோ பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களோ 58 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தார்கள். புதிய இயந்திரம் ஒன்றும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. மூளைக் கசிவுக்கு மருந்தே இல்லை என்று கைவிட்ட காலமும் போய்விட்டது. அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவந்து, சீனியையும் காய்ச்சலையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினால் நோயாளிகள் மேலாக மீள்கிறார்கள் என்று 2023இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பத்து நாடுகளில் 7000க்கும் அதிகமான நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். அந்தப் பத்தில் இலங்கையும் ஒன்று.

இவ்வளவும் வந்த பிறகு செய்கிற காரியம். என் மனதில் இதைவிடப் பெரிதாக நிற்பது வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. கொழும்பு மாவட்ட மக்களிடையே நடந்து 2015இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் பாரிசவாதம் கண்டவர்கள் என்று சொன்னது. வைத்தியசாலைகளுக்குப் பக்கத்தில் வாழும் நகரத்தின் நிலை அது. வைத்தியசாலை தூரமாக இருக்கிற ஊர், நோயை அதன் வாசலுக்குப் போகவிடாமல் தடுப்பதில்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். தடுக்க வேண்டிய முதல் எதிரி பிரஷர். வெங்காயத் தோட்டத்தில் மோட்டாரை அளவுக்கு மீறி ஓடவிட்டால் ஹோஸ் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே வெடிக்கும், எங்கே அழுக்குப் படிந்திருக்கிறதோ அங்கே அடைக்கும். மூளையின் நுண்ணிய குழாய்களில் வருடக்கணக்காக உயர் அழுத்தம் செய்வதும் இந்த இரண்டையும்தான்.

1945 ஏப்ரல் 12ஆம் திகதி, உலகின் மிகப் பலம் பொருந்திய மனிதராக இருந்த அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பின்தலை வலிக்கிறதென்று சொல்லிச் சாய்ந்தார். அன்று அவருடைய பிரஷர் 300க்கு 190. மூளையில் இரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் இறந்தார். பல வருடங்களாகவே அவருக்கு அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது, வைத்தியர்கள் எழுதிவைத்துக்கொண்டே இருந்தார்கள். அதைப் பாதுகாப்பாகக் குறைக்க அவர்களிடம் குளிசை இருக்கவில்லை. எளிதாகச் சாப்பிடக்கூடிய முதல் நல்ல மருந்துகள் 1950களின் பிற்பகுதியில்தான் வந்தன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அது வீட்டு அலுமாரியில் பாதி தின்னாமல் கிடக்கிறது.

ஏன் கிடக்கிறது? பிரஷரும் பாரிசவாதத்தைப் போலவே வலிப்பதில்லை. தலைசுற்றினால் மட்டும் குளிசை போடுவது, நன்றாக இருந்தால் நிறுத்துவது என்ற பழக்கம் அதனால்தான் வருகிறது. நோன்பு மாதத்தில் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான பிரஷர் குளிசைகளை ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றிக்கொள்ளலாம். நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டாலே போதும். இதை ஒரு ஜும்ஆ உரையில் இரண்டு நிமிடம் சொல்லும் கதீபும், ஞாயிறு பூசைக்குப் பின் சொல்லும் பங்குத்தந்தையும் எந்த வைத்தியரும் செய்ய முடியாத காரியத்தைச் செய்தவர்களாவார்கள்.

மீனவர் கிளினிக்குக்கு வருவதில்லை என்ற குற்றச்சாட்டையும் கேட்டிருக்கிறேன். ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்குப் பெண்கள் வருகிறார்கள், ஆண்கள் வருவது குறைவு என்பது நாடு முழுவதும் உள்ள நிலை. கடலிலிருந்து விடியற்காலையில் திரும்பி, மீனை நிறுத்து, வலையைச் சரிசெய்துவிட்டுத் தூங்குகிறவனைக் காலை எட்டு மணிக் கிளினிக் வரிசையில் எப்படி எதிர்பார்ப்பது? கிளினிக்தான் அவனிடம் வர வேண்டும்.

இப்படிச் சொல்வது ஆசைப் பேச்சு அன்று. இதே புத்தளம் மாவட்டத்தில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் பேராசிரியர் தஸீன் ஜாஃபர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. இலங்கையில் அதை நடத்தியவர்கள் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வாவின் குழுவினர், நடந்த இடம் புத்தளம் மாவட்டம். மூன்று நாடுகளிலுமாக 30 கிராமத் தொகுதிகள், 2645 பிரஷர்காரர்கள். பாதித் தொகுதிகளில் பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய் அழுத்தத்தை அளந்தார்கள், உப்பைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் பேசினார்கள், கூடுதலாக இருந்தவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். நம் நாட்டில் அந்தப் பணியாளர் குடும்பநல மருத்துவமாது. இரண்டு வருட முடிவில் அந்தத் தொகுதிகளில் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியிருந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 4 புள்ளி. 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடு இதை வெளியிட்டது. ஆளொருவருக்கு ஆண்டுக்கு 11 டொலருக்குள்தான் செலவு.

ஐந்து புள்ளி வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். மேல் எண்ணில் 5 புள்ளி குறைந்தால் பாரிசவாதம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைகிறது என்று, பல இலட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. ஓர் ஊரில் நூறு வீடுகளில் பாய் விரித்துக் கிடக்க வேண்டியவர்களில் பதின்மூன்று பேர் நடமாடுவார்கள்.

மருத்துவமாதை நம்பி இந்த நாடு ஏமாந்ததில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1930களில் இலட்சம் பிரசவங்களுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்த நாடு, வீடுவீடாக நடந்த மருத்துவமாதர்களின் கால்களால் அந்த எண்ணை நூற்றுக்கும் வெகுகீழே கொண்டுவந்தது. அதே கால்கள் இன்று பிரஷர் கருவியையும் சுமக்க வேண்டும் என்று கேட்கும்போது, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் வேலைப் பளுவை மறந்துவிட முடியாது. ஆளணியைக் கூட்டாமல், பயணப் படியைக் கூட்டாமல், இன்னொரு பதிவேட்டை மட்டும் அவர்கள் தலையில் ஏற்றினால் அது அநியாயம். கடலுக்கு அப்பால் தமிழ்நாடு 2021 ஓகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் வீட்டிலேயே அளந்து குளிசை கொடுக்கும் வேலைக்கென்று ஊர்ப் பெண்களையே தனியாக எடுத்தது. அந்த வழி இங்கும் பொருந்தும்.

குளிசைகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். மூன்று மருந்தைச் சிறிய அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்துக் கொடுத்த சோதனை ஒன்று நம் நாட்டின் 11 வைத்தியசாலைகளில் 700 பேரிடம் நடந்து 2018இல் வெளியானது. ஆறு மாதத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 70 பேர் இலக்கை எட்டினார்கள், வழக்கமான முறையில் 55 பேர். இலங்கை நோயாளிகளின் உடம்பில் உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. அதன் பலன் இலங்கையின் கிராமத்துக் கிளினிக் மேசைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

உப்பைப் பற்றிப் பேசாமல் புத்தளம் மாவட்டத்தில் பிரஷரைப் பற்றிப் பேச முடியாது. பாலாவி உப்பளங்களைக் கடந்துதான் நாம் ஊருக்குள் வருகிறோம். கருவாடு எங்கள் தொழில், எங்கள் சோறு. நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, ஒரு தேக்கரண்டி வரும். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் பகோடாவும் சேர்ந்த நாளில் அது காலைச் சாப்பாட்டோடேயே தாண்டிவிடும். கருவாட்டை விடு என்று சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நன்றாகக் கழுவி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தக் குழம்புக்குத் தனியே உப்புப் போடாமல் சமைக்கலாம். அதைவிடப் பெரிய வழி ஒன்று சீனாவின் 600 கிராமங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண உப்பில் கால் பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பைக் கலந்து, பாரிசவாதமோ உயர் பிரஷரோ இருந்த ஏறத்தாழ 21,000 பேரில் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். சுவையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சிறுநீரக வருத்தக்காரர்களுக்கு அந்த உப்பு ஆகாது, சில பிரஷர் குளிசைகளோடும் கவனம் வேண்டும், எனவே பொதியில் எச்சரிக்கை பெரிதாக இருக்க வேண்டும். உப்பு விளையும் மாவட்டமே அந்த உப்பையும் கலந்து, மலிவு விலையில் தன் மக்களுக்குக் கொடுத்தால் என்ன? கைத்தொழில் அமைச்சும் சுகாதார அமைச்சும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தீரும் விடயம்.

இனி, ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களின் வீடுகள். இதை மருத்துவச் செய்தியாக எழுதுவோர் பெரும்பாலும் தொடுவதில்லை. அந்த வீட்டில் இன்னொருவருடைய வாழ்க்கையும் அதே நாளில் நின்றுபோகிறது. அது அநேகமாக மனைவி, இல்லாவிட்டால் மகள், மருமகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, மலசலம் எடுப்பது, ஊட்டுவது, ஏச்சுக் கேட்பது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தால் வீட்டிலேயே தேற்றிவிடலாம், இயன் மருத்துவர் பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளிகளின் குடும்பங்களுக்கு அப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் ஆறு மாதத்தில் இறந்தவர்கள், பிறர் தயவில் வாழ்பவர்கள் ஒரே அளவு, நூற்றுக்கு 47. வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லாது. இயன் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் மாதத்துக்குச் சில நாட்களாவது கற்பிட்டிக்கு வந்து உட்கார வேண்டும்.

அவர்கள் வரும்வரை வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய சில உண்டு. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. தளர்ந்த தோள் மூட்டு அதனால் நழுவி, பிறகு வருடக்கணக்கில் வலிக்கும். தோளுக்கும் இடுப்புக்கும் பின்னால் கைகொடுத்து எழுப்ப வேண்டும். எண்ணெய் தடவுவது வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு ஆறுதலுக்குச் செய்யலாம், ஆனால் கிளினிக்குக்குப் போகாமல் எண்ணெயையே மருந்தாக்கக் கூடாது. பேச்சுப் போனவர் அறிவு போனவர் அல்லர். பலருக்கு நாம் சொல்வது முழுவதும் விளங்கும், பதில்தான் வராது. அவரிடம் சத்தம் போட்டுப் பேசுவதும், அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி மற்றவரிடம் குறைசொல்வதும் அவரைத் தினமும் கொல்லும். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அழுகையும் கோபமும் பிடிவாதமும் குணக்கேடு என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கும் மருந்து உண்டு.

பாரிசவாதத்துக்கென ஒரு மாலைக் கிளினிக் கற்பிட்டியில் வேண்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கினால் கடலுக்குப் போகிறவர் இறங்குமுன் வந்து அளந்து குளிசை வாங்கிப் போவார், நடக்க முடியாத கணவனை முச்சக்கர வண்டியில் ஏற்றி வர மகன் வேலையால் வந்திருப்பான், கூட வரும் மனைவியின் பிரஷரையும் அதே கதிரையில் உட்காரவைத்து அளக்கலாம். அவருடையதை இதுவரை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.